பிள்ளையிடம் சொல்லாத கணக்கு

ஜூலை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளின் கூடத்தில் ஒரு பெரிய பெட்டி திறந்தபடி கிடக்கத் தொடங்குகிறது. ஜெர்மனியில் அக்டோபரில் குளிர்காலப் பருவ வகுப்புகள் ஆரம்பமாகும். அதற்குள் பிள்ளை அங்கே போய்ச் சேர வேண்டும். மூன்று லிட்டர் குக்கர், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், தெர்மல் உள்ளாடை, ஆறு மாதத்துக்குக் காய்ச்சல் மாத்திரை, அத்தை கொடுத்த கம்பளிச் சட்டை. எடை பார்க்கிற கொக்கித் தராசைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, 23 கிலோவைத் தாண்டியதும் எதை எடுப்பது என்று அம்மாவும் பிள்ளையும் வாதாடி, கடைசியில் புத்தகத்தை எடுத்துவிட்டுப் பொடியை வைக்கிறார்கள். அந்த அக்கறையில் குறை சொல்ல எதுவுமில்லை. புது ஊரில் முதல் வாரம் அந்தப் பொடிதான் வயிற்றைக் காக்கும்.

ஆனால் அதே வீட்டில், அதே மாதங்களில், பேசப்படாமலே போகிற விஷயங்கள் உண்டு. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால், பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், ஐஇஎல்டிஎஸ்ஸில் எவ்வளவு என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார்கள். "கடன் எவ்வளவு? எதை அடமானம் வைத்திருக்கிறார்கள்? வட்டி என்ன?" என்று கேட்டால், "அப்பா பாத்துக்கறார் சார்" என்பதுதான் பெரும்பாலும் பதில். பிள்ளை கலங்கக் கூடாது என்று வீடு கணக்கை மறைக்கிறது. போன பிறகு, வீடு கலங்கக் கூடாது என்று பிள்ளை தன் கஷ்டத்தை மறைக்கிறது. இரண்டும் பாசத்தில் பிறப்பவைதான். ஆனாலும் வெளிநாட்டுப் படிப்பால் நொந்துபோன குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இந்த இரண்டு மௌனங்களையும்தான். கிளம்புவதற்கான ஏற்பாடுகளில் முதல் வேலை இவற்றைக் கலைப்பது. விசாவும் பெட்டியும் அதற்குப் பின்னால்தான்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் படிப்புச் செலவு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் போனபோது, அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் அநேகமாக இல்லை என்பதால் அந்த நாட்டின் பக்கம் பார்வை திரும்பியது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முன்பு சீனர்கள் இருந்த முதலிடத்தில் இப்போது நாம். சென்னைக்கு ஜெர்மனி புதிதும் அல்ல. 1959-ல் இங்கே ஐஐடி தொடங்கப்பட்டதே மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். ஆனால் அன்று அந்த உறவின் செலவை அரசுகள் ஏற்றன. இன்று அதை ஏற்பது திருச்செங்கோட்டிலும் விருதுநகரிலும் இருக்கிற ஒரு வீட்டுப் பத்திரம்.

"அங்கே ஃபீஸே கிடையாது" என்ற பேச்சு முழு உண்மை அல்ல. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ போன்ற நகரங்கள் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017-லிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கிவிட்டது. இவை போக, உதவித்தொகையோ வேறு உத்தரவாதமோ இல்லாதவர்கள் அனைவரும் கடக்க வேண்டியது 'பிளாக்டு அக்கவுண்ட்'. முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே அதில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ 100 ரூபாயை ஒட்டி நின்றால் ஏறத்தாழ 12 லட்சம். அங்கே போனதும் அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

அந்த 992 எதற்குப் போதும் என்பது ஊரைப் பொறுத்தது. மியூனிக்கில் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் கேட்பது சர்வசாதாரணம். மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 145. மிச்சம் இருக்கிற 150-க்குள் சாப்பாடு, போன், துணிமணி, டிக்கெட் எல்லாவற்றையும் அடக்க வேண்டும், அடங்காது. கெம்னிட்ஸ், மாக்டெபர்க் போன்ற கிழக்குப் பகுதி நகரங்களில் அதே 992-ல் பிள்ளை மூச்சுவிட்டு வாழலாம். ஆனால் விண்ணப்பிக்கிற ஊர்களைத் தேர்வு செய்யும்போது தரவரிசை பார்க்கிற அளவுக்கு யாரும் வாடகையைப் பார்ப்பதில்லை. வீட்டுக் கணக்கு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பார்த்திருக்கும்.

கடனுக்காக வங்கிக்குப் போகிற நாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மாணவருக்காக நானும் ஒரு முறை கூடப் போயிருக்கிறேன். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது எல்லாம் மஞ்சள் பையிலிருந்து மேசைக்கு வந்தன. வீடு அம்மா பெயரில். அவர் தையல் வேலை செய்கிறவர். ஏழரை லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் தருகிற ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் போனால் பொதுவாக வீடோ மனையோ கேட்பார்கள். வக்கீலின் சட்டக் கருத்தும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் ஏற்கெனவே வந்துவிட்டதால் அன்று கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அச்சடித்த ஆங்கிலப் பக்கங்களை அலுவலர் ஒவ்வொன்றாகத் திருப்ப, பென்சில் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் அந்த அம்மா தமிழில் தன் பெயரை எழுதிக்கொண்டே போனார். விரல் வலித்ததும் ஒரு முறை கையை உதறிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, "மாசம் எவ்வளவு சார் கட்டணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்ப ஒண்ணும் கட்ட வேண்டாம்மா, தம்பி படிச்சு முடிச்ச பிறகுதான்" என்றார் அலுவலர். அவர் சொன்னது பொய் இல்லை. அம்மாவின் முகம் தெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனும் வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கணக்கு இதுதான். 20 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, முழுத் தொகையும் தொடக்கத்திலேயே எடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடப் படிப்பும் அதன் பிறகு ஒரு வருட அவகாசமும் கடனுக்கான விடுமுறைக் காலம். விடுமுறை தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. தனிவட்டியாகப் போட்டாலும் மூன்று வருடத்தில் 6 லட்சம் ஏறியிருக்கும். 26 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை 34,000 ரூபாய்க்கு மேல். கட்டி முடிக்கும்போது கை விட்டுப் போன பணம் 41 லட்சத்தைத் தாண்டும். படிக்கிற காலத்திலேயே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 26,500 ரூபாய்க்குள் நின்றுவிடும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் சலுகை தருகிற வங்கிகளும் உண்டு. ஆனால் அந்த மாத வட்டி 16,000 ரூபாய்க்கு மேல். தையல் மெஷின் ஓடுகிற வீட்டில் அதை யார் கட்டுவது? பிள்ளையும் பெற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பதில் தேட வேண்டிய கேள்வி இது. அந்தப் பேச்சு நடந்தால், கடனையே 20 லட்சத்திலிருந்து 14 லட்சமாகக் குறைக்கிற வழி ஏதாவது தென்படலாம். குறைந்த வாடகை ஊர் ஒரு வழி. ஒரு வருடம் இங்கே வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவது இன்னொரு வழி. கிளம்புவதைத் தள்ளிப்போடுவது தோல்வி என்று நினைக்கிற வீடுகளுக்குச் சொல்கிறேன்: இங்கே ஒரு வருட வேலை அனுபவத்தோடு போகிறவர்களுக்கு அங்கே வேலை தேடுவதும் எளிதாகிறது.

கடன் விவரத்தைப் புரிகிற மொழியில் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு வழங்கப்படுகிற தவணைக் கடன்கள் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கி கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. உண்மையான வருடாந்திர வட்டி, எல்லாக் கட்டணங்கள், தவணை அட்டவணை அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படித்துப் பார்த்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் தர வேண்டும். அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கையெழுத்து அதற்கு மறுநாள் போடலாம்.

"போனதும் பார்ட்-டைம் வேலை பார்த்துக் கடனை அடைச்சிடுவான்" என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர் அங்கே வருடத்துக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோதான் வேலை செய்யலாம். 2024 மார்ச்சில்தான் இந்த அளவுக்காவது உயர்த்தினார்கள். அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். இந்தியக் கடனின் அசலைத் தொடாது. அதைத் தொட வைக்க வேண்டும் என்று கிடங்குகளில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைகள்தான் அடுத்து நான் சொல்லப்போகிற குழியில் விழுகிறார்கள்.

இங்கே 'அரியர்' வைப்பது கல்லூரி வாழ்க்கையின் ஓர் அங்கம். அடுத்த பருவத்தில் எழுதலாம், அதற்கடுத்த பருவத்திலும் எழுதலாம். ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பிலிருந்தே பெயர் நீக்கப்படும். அதே படிப்பை அந்த நாட்டில் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் பொதுவாக முடியாது. தேர்வுக்குப் பதிவு செய்வதும் மாணவரின் பொறுப்பு. கடைசித் தேதி தாண்டினால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது முறை தவறிய பிள்ளை அதை வீட்டில் சொல்வதில்லை. எப்படிச் சொல்லும்? வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அரைகுறையாகத்தான் தெரியும்; அந்த அரைகுறைத் தெளிவே பயத்தைப் பெரிதாக்கும். மூன்றாவது முறைக்கு முன் ஒரு பருவம் வேலையை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும், அதற்கு வீட்டிலிருந்து கொஞ்சம் பணம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய பிள்ளைகள் உண்டு. கேட்கிற பழக்கம் விமானம் ஏறிய பிறகு வருவதில்லை. இங்கே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வர வேண்டும்.

இந்த மௌனங்கள் புதியவை அல்ல. 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' கப்பலில் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பிய ராமானுஜனை நாம் மேதைமையின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். கிளம்பியவரின் கதையாகவும் அதைப் படிக்க வேண்டும். பணத்தில் அவர் ஏற்பாடு தெளிவாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுண்டு கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போய்ச்சேரும்படி முன்பே ஒதுக்கிவைத்தார்கள். மற்றவை அப்படி நடக்கவில்லை. குடுமியை எடுப்பதையும் கோட்டு அணிவதையும் அம்மாவும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று, அவர்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்த பிறகுதான் அதெல்லாம் நடந்தது. மறைப்பது அங்கேயே தொடங்கிவிட்டது.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நேர்ந்த ஒன்றை, அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றாராம் ராமானுஜன். மேல்கோட்டைப் போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாராம். மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகப்பட்டு, மேலே விரிப்போடு அப்படியே இருந்தன. கம்பளிகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எண்களின் ஆழத்தில் இறங்கத் தெரிந்தவர் குளிரில் விரிப்பின் மேலேயே படுத்திருந்திருக்கிறார். இதில் அவர் பிழை எதுவுமில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள்; கேட்கக் கூச்சம்.

பிறகு போர் வந்தது, சைவச் சாப்பாட்டுக்குப் பொருள் கிடைப்பது கடினமானது, தானே சமைத்து நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டார். 1917-ல் நோயில் விழுந்தார். மனைவி ஜானகிக்கும் அவருக்கும் இடையே போக வேண்டிய கடிதங்களை மாமியார் தடுத்தார் என்று ஜானகி பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு எழுதுவதும் குறைந்தது. 1918-ல் லண்டன் சுரங்க ரயில் முன் விழுந்து உயிரை விடப் பார்த்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது. ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தபோது வயது 32. நோய்க்கு மருத்துவக் காரணங்கள் இருந்தன; அவற்றைக் கடிதங்கள் தீர்த்திருக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத் தனிமையின் பெரும் பகுதி, கும்பகோணத்துக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே பேச்சு அறுந்ததால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இன்று பேச்சு அறுவதில்லை, தினமும் வீடியோ கால் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் நம்மைவிடப் பின்தங்கிய நேரம் ஜெர்மனியில். இங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்து கூப்பிடும்போது அங்கே டிசம்பர் மாலை ஐந்து மணி, இருட்டியிருக்கும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்மா." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்மா." முகம் தெரிகிற திரையில்கூட இவ்வளவுதான் போய் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மகன் மூன்றாவது பருவத்தில் இருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அப்பாவைக் கேட்டபோதெல்லாம் "தூங்கறார்", "கடைக்குப் போயிருக்கார்" என்றார்கள். உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட விசாரிப்பு மூலம்தான் மகனுக்குத் தெரிந்தது. அப்பா தேறிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் யார் "நல்லா இருக்கோம்" என்றாலும் அந்தப் பையனால் நம்ப முடியவில்லை. கால் பேசும்போதெல்லாம் "அப்பாவைக் காட்டு, எழுந்து நடக்கச் சொல்லு" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்கிறேன். மருத்துவமனையில் யார் சேர்ந்தாலும் அன்றே தகவல் போகும். பிள்ளை தேர்வில் தவறினால், பணம் தீர்ந்தால், மனசு சரியில்லாமல் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால், அதுவும் அன்றே இங்கே வரும். சொன்னதற்காகத் திட்டு இல்லை, அழுகை உண்டு, பரவாயில்லை. அவசரத்துக்கு ஊர் திரும்பும் டிக்கெட் பணம் தனியாக ஒரு கணக்கில் கிடக்கட்டும். வதிவிட அனுமதி புதுப்பிப்பில் இருக்கிற மாதங்களில் நினைத்த மாத்திரத்தில் வந்து திரும்ப முடியாமல் போகலாம். கையில் இருக்கிற தற்காலிகச் சான்று எந்த வகை என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அந்த மாதங்கள் எவை என்பது பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை போன பிறகு வீடு எப்படி நடக்கும் என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததுதான். இன்றைக்கு நம் வீடுகளில் கேஸ் புக்கிங், மின்கட்டணம், மருத்துவக் காப்பீட்டுப் புதுப்பிப்பு, அப்பாவின் வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு எல்லாம் பிள்ளையின் போனில் இருக்கின்றன. பல கணக்குகளுக்கு ஓடிபி வருவதே பிள்ளையின் எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துப்போனால் வீட்டின் பாதி வேலை நின்றுவிடும். ஒரு மாதம் முன்பே எண்களை மாற்றி, அப்பாவும் அம்மாவும் தாங்களே செய்து பழக, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிற பெற்றோருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒன்று என்றால் காரை எடுக்கப்போகிறவர் யார் என்று பெயர் சொல்லித் தீர்மானித்துவிட வேண்டும். அந்த நபரிடமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவரின் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்வோருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. இதையும் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

நமக்கே உரிய இன்னொரு சிக்கல், பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில். இல்லையென்றால் அந்த இடமே காலி. ஜெர்மானிய அலுவலகங்களில் குடும்பப் பெயர் இல்லாத ஆளுக்கான கட்டமே இருக்காது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற ஏபிஎஸ் சான்று கட்டாயம். 18,000 ரூபாய் கட்டணம். அதற்கு அனுப்பும் முன்பே எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். திருத்தம் கேட்டுத் தேர்வுத் துறைக்கு நடக்க மாதங்கள் ஆகும்.

ஏஜென்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு ஊர் 'ஜெர்மனி இலவச ஆலோசனை' போர்டுகள் தொங்குகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரே நேரடியாகவோ 'யூனி-அசிஸ்ட்' வழியாகவோ விண்ணப்பிக்கலாம். யூனி-அசிஸ்ட்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30. கமிஷன் பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் வருகிறது. அங்கே கல்விக் கட்டணம் பல லட்சம். இலவச ஆலோசனை எந்தப் பக்கம் தள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தை ஒரு முறை தானே நிரப்பிப் பார்த்த பிள்ளைக்கு, போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவும், காப்பீட்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதவும் கை வரும். வேறொருவர் நிரப்பிக் கொடுத்து வந்த பிள்ளை அங்கே கடிதத்தைப் பிரிக்கவே பயப்படும். மொழியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் படிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை கிடைப்பது அரிது. படித்து முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள். அந்த 18 மாதத்தில் ஜெர்மன் கற்கத் தொடங்குகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இங்கே இறுதியாண்டிலேயே தொடங்கி ஏ2 நிலை வரை முடித்துவிடலாம்.

இந்தக் குடும்பப் பேச்சில் விட்டுப்போகிற ஓர் ஆள் உண்டு: வீட்டிலேயே இருக்கிற தங்கை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது. பூர்வீக வீட்டை அண்ணன் படிப்புக்கு அடமானம் வைத்தால் அதில் தங்கையின் பங்கும் போய் உட்காருகிறது. அவள் பிளஸ் டூ முடிக்கும்போது கடன் எந்த நிலையில் இருக்கும், அவள் படிப்புக்கு எதை வைப்பார்கள் என்று அவளையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். போகிறவள் மகளாக இருந்தால் வேறு மௌனங்கள். கல்யாணத்துக்குச் சேர்த்த நகை வங்கிக்குப் போகும். "ரெண்டு வருஷத்துல வந்துடணும்" என்ற எதிர்பார்ப்பு மனசுக்குள் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, அவள் வேலை தேடிக்கொண்டிருக்கும் மாதத்தில், ஒரு ஜாதகத்தோடு அது வெளியே வரும். இப்போதே பேசிவிட்டால் அவளுக்கும் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் வீடுகளின் தலையில் கட்டிவிட முடியாது. வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் பயிற்சி தருகிற ஏற்பாட்டை வெளியுறவு அமைச்சகம் செய்திருக்கிறது. படிக்கப் போகிறவர்களுக்கும் அதே போன்ற ஒன்று, மாவட்டந்தோறும், தமிழில் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் உதவித்தொகை தருகின்றன. தகுதியிருந்தும் அதைப் பற்றித் தெரியாமல் கடனுக்கு அலைகிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் வேலைவாய்ப்புக்கு ஒரு பிரிவு, அதற்கு ஓர் அலுவலர், ஒரு குளிர்சாதன அறை இருக்கின்றன. மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு நாற்காலி ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்தால் போதும்: கடன் அலுவலர் ஒருவர், அங்கே படித்துத் திரும்பிய பழைய மாணவர் ஒருவர், மன நல ஆலோசகர் ஒருவர். மாணவர்களைத் தனியாகக் கூப்பிடக் கூடாது. அம்மா, அப்பா, தம்பி, தங்கை என்று வீட்டோடு வரச் சொல்ல வேண்டும். கடன் கணக்கைக் கரும்பலகையில் தமிழில் போட்டுக் காட்ட வேண்டும்.